திரைக்கும் மேடைக்கும் இசையமைக்க முறையாகப் படிக்க வேண்டுமா? – கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

கொருக்குப்பேட்டை கீபோர்ட்:

அனைவருக்கும் வணக்கம். பி.காம். கடைசி ஆண்டு படிக்கிறேன். எட்டு வயதிலிருந்து எங்கள் பகுதித் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்து வருகிறேன். என் தாய்மாமா கானாக் கச்சேரிக் குழு வைத்திருப்பதால், கல்லூரியில் சேர்ந்த பிறகு அவரோடும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று பல மேடைகளில் வாசித்திருக்கிறேன். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை தேறியிருக்கிறேன். எழுதிய இசைக் குறிப்பை, அதாவது நோட்ஸை, பார்த்தவுடன் வாசிக்க வராது. உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன்.

நிகழ்த்துகலைப் பயிலகம் ஒன்றில், திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் இசையமைப்பதையே முதன்மையாகக் கற்பிக்கும் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நேர்காணலுக்கு முன்பாக, வசனமே இல்லாத இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை அனுப்பி, அதற்கு இசையமைத்து, ஒலிப்பதிவையும் நோட்ஸையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். காட்சி இதுதான்: விடியற்காலையில் ஒரு வயதான அம்மாள் சமையலறையில் டீ போடுகிறார். இரண்டு தம்ளர்களில் ஊற்றுகிறார். சற்று நேரம் அப்படியே நிற்கிறார். பிறகு இரண்டாவது தம்ளரில் இருப்பதை மறுபடியும் பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டு, தன் தம்ளரை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே போகிறார்.

நான் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குடும்பக் கருவிகளின் ஒலி) வைத்து, அதன் மேல் புல்லாங்குழலை ஓடவிட்டு, ஒரே இரவில் முடித்துவிட்டேன். மறுநாள் காலையில் கண்ணை மூடிக் கேட்டால் நன்றாக இருக்கிறது. காட்சியோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அம்மாளையே காணவில்லை. எங்கே தவறு செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் என் அப்பா, “காதால் கேட்டே வாசிக்கிற பிள்ளைக்கு அங்கே போனால் என்னதான் சொல்லித்தருவார்கள்?” என்று கேட்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

அரங்கொலி:

தங்கைக்கு வணக்கம். பெரம்பூர்க்காரன் நான், நாடகங்களுக்கு இசையமைக்கிறேன். இத்தகைய படிப்பு ஒன்றை முடித்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

மெட்டுப் போட யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அது உங்களிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே முதலில் கற்பது, காட்சியை எப்படிப் படிப்பது என்பதை. படத்தின் இயக்குநரோடும் படத்தொகுப்பாளரோடும் உட்கார்ந்து, இசை எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் வரவே கூடாது என்று முடிவெடுப்பதை ‘ஸ்பாட்டிங்’ என்பார்கள். என் முதல் ஆறு மாதங்களில் நான் எழுதியதைவிட ஆசிரியர் அடித்துவிட்டதே அதிகம். அடித்த ஒவ்வோர் இடத்திலும், “இங்கே இசை இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு எது கிடைக்காமல் போகும்?” என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார். பல இடங்களில் என்னிடம் பதில் இல்லை.

உங்கள் காட்சிக்கும் அதே கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். அந்த அம்மாள் இரண்டாவது தம்ளரில் ஊற்றும்போது, அதைக் குடிக்க ஆள் இல்லை என்பது அவருக்கே நினைவில் இல்லை. பார்ப்பவருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் ஸ்ட்ரிங்ஸ் முதல் நொடியிலேயே அழத் தொடங்கிவிட்டது. அவர் மறந்து, நினைவு வந்து, நிற்கும் அந்தக் கணம்தான் காட்சியின் உயிர். அதை இசை முந்திக்கொண்டு சொல்லிவிட்டதால், அவர் நிற்கும்போது நமக்கு அதிர்ச்சி இல்லை. அந்த அம்மாளைக் காணவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் நானும் சொல்கிறேன். அதைக் கேட்டு உணரும் காது உங்களிடம் இருக்கிறது.

அடுத்துக் கற்பது, பிறர் கைக்கு எழுதுவது. நான்கு குரல் ஹார்மனி, கவுன்டர்பாயின்ட், ஒவ்வொரு கருவியின் எல்லையும் இயல்பும், கண்டக்டராக நின்று குழுவை நடத்துவது என்று அது நீளும். கவுன்டர்பாயின்ட்டுக்கு 1725-இல் ஃபுக்ஸ் எழுதிய பாடமுறையின் வழியில்தான் இன்றும் பல இடங்களில் பயிற்சி தருகிறார்கள். ஒரு குரலுக்கு எதிரே இன்னொரு குரலை ஒவ்வொரு சுரமாக வைக்கும் அந்தப் பயிற்சி தொடக்கத்தில் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பாத்திரம் பேசும்போது இன்னொரு பாத்திரத்தின் மனம் வேறு திசையில் போவதை இரண்டே கருவிகளில் எழுத வேண்டிய நாள் வரும்போது, அந்த வறட்டுப் பயிற்சிதான் கை கொடுத்தது.

மூன்றாவது, கூடப் படிப்பவர்கள். ஜூரிச் கலைப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம், நாடகம், ஊடகம் ஆகியவற்றுக்கு இசையமைப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2014 முதல் அந்தப் பல்கலைக்கழகம் இயங்கும் கட்டடம் முன்பு பெரிய பால் பதனிடும் ஆலையாக இருந்தது. திரைப்படம், நாடகம், இசை, வடிவமைப்பு எல்லாம் இன்று அந்த ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நாளைய இயக்குநரும் நாளைய இசையமைப்பாளரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள் என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். என் அனுபவத்தில் பாதிப் படிப்பு அங்கேதான் நடக்கிறது.

திருவொற்றியூர்க்காரன்:

அரங்கொலி சொல்வது நல்ல இடத்தில் படித்தவரின் பேச்சு. எல்லா இடமும் அப்படி இல்லை என்பதைத் தங்கை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் என் கதையைச் சொல்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி மையத்தில், ‘பிஜிஎம் கோர்ஸ்’ என்று விளம்பரம் பார்த்து, அம்மாவின் நகையை அடகு வைத்துச் சேர்ந்தேன். ஓராண்டு முழுவதும் மென்பொருளைத் திறப்பது, ஆயத்தமாக இருக்கும் இசைத் துணுக்குகளை (லூப்) இழுத்து வைப்பது, ஒலியைப் பெரிதாக்குவது, இவைதாம் பாடம். அந்த ஓராண்டில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட உயிருள்ள ஒரு மனிதர் வாசித்துக் கேட்கவில்லை. ஒரு இயக்குநரோடு உட்கார்ந்து பேசவில்லை. நகையை மீட்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே சேருவதற்கு முன்பு நேரில் போய்க் கேளுங்கள். நான் எழுதுவதைக் கருவிக் கலைஞர்கள் வாசிப்பார்களா, ஆண்டுக்கு எத்தனை முறை? இயக்கம் படிக்கும் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு உண்டா? நான் அங்கே உருவாக்கும் இசை யாருக்குச் சொந்தம்? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். மென்பொருளைக் கற்க ஓராண்டு தேவையில்லை. மியூஸ்ஸ்கோர் இலவசமாகவே கிடைக்கிறது, நோட்ஸ் எழுத அது போதும். ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரை 60 நாட்கள் பணம் கட்டாமல் பயன்படுத்திப் பார்க்கலாம்.

வியாசை டோலக்:

வணக்கம். எனக்கு நோட்ஸ் தெரியாது. இருபது ஆண்டுகளாகக் கானாவுக்கு டோலக் வாசிக்கிறேன். இந்தப் பேச்சில் ஒரு பெரிய செய்தி விடுபட்டுப்போகிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சாவு வீட்டுக் கானாவில் பாடகர் அடுத்த அடியில் என்ன சொல்லப்போகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது. இறந்தவரின் மகன் அந்த நேரம் பார்த்து உள்ளே வருவார். பாடகர் உடனே அவர் பெயரைச் சொல்லி ஓர் அடி கட்டுவார். அந்த இடத்தில் டோலக்கின் கை தானாக அடங்க வேண்டும். ஆர்மோனியம் ஒற்றைச் சுரத்தில் நிற்க வேண்டும். மகன் அழுது முடித்துப் பக்கத்தில் இருப்பவர் அவரை உட்கார வைத்த பிறகுதான் நடையை மறுபடியும் ஏற்றுவோம். அதற்கு முன்னால் ஏற்றினால் அது அவமரியாதை. எப்போது அடங்க வேண்டும், எவ்வளவு நேரம் அடங்கியிருக்க வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. அரங்கொலி சொன்ன ஸ்பாட்டிங் இதுதானே? அதை இந்தப் பெண் தன் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற இடத்தில் இதையெல்லாம் ‘முறையில்லாத சங்கீதம்’ என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு வராதே அம்மா.

ராயபுரம் வயலின்:

வியாசை டோலக் எழுதியதை இரண்டு முறை படித்தேன். முழுக்க உண்மை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்க விரும்புகிறேன். நான் ஓய்வு பெற்ற வயலின் கலைஞன். ராயபுரத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு பல ஆண்டுகள் ரீ-ரெக்கார்டிங்கில், அதாவது படங்களின் பின்னணி இசைப் பதிவில், வாசித்தவன்.

நால்வர் வாசிக்கும் இடத்தில் பாடகரின் முகத்தைப் பார்த்து அடங்கலாம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, இருபதாவது நாற்காலியில் இருப்பவனுக்கு முகம் தெரியாது. அவனுக்கு முன்னால் இருப்பது காகிதம் ஒன்றுதான். இசையமைப்பாளரின் மனத்தில் இருக்கும் அடக்கம் அந்தக் காகிதத்தில் இல்லையென்றால், அது வாசிப்பில் வராது. கால்ஷீட் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். “இன்னும் கொஞ்சம் உணர்ச்சியாக” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். உணர்ச்சி என்றால் வில்லை மேலே தூக்குவதா, கீழே இழுப்பதா, தந்தியின் பாலத்துக்கு அருகே வாசிப்பதா, ஒன்றும் தெரியாது. ஒருவர் ஒரு மாதிரி வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் வேறு மாதிரி வாசிப்பார்; மூன்றாவது டேக்கில் எல்லாருமே களைத்துவிடுவார்கள்.

நன்றாக எழுதப்பட்ட ஷீட் வந்தால் முதல் வாசிப்பிலேயே கூடம் அமைதியாகிவிடும். இளையராஜா முழு ஸ்கோரையும் தம் கைப்பட எழுதிக் கொடுப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கைக்குப் பின்னால் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற பாடமும் டிரினிட்டி தேர்வுகளும் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சொந்த ஊரான பண்ணைப்புரத்தில் கேட்டதை அவர் அந்தப் படிப்புக்காக விட்டுவிடவும் இல்லை.

நோட்ஸைப் பார்த்தவுடன் வாசிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நேர்காணலுக்கு முன்பு அதைச் சரிசெய்யுங்கள். தினமும் பதினைந்து நிமிடம், இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, தப்பானாலும் நிற்காமல் வாசியுங்கள். தப்பைத் திருத்தத் திரும்பிப் போகாதீர்கள்.

மணலி புதுநகர்:

நோட்ஸா, காதா என்று பேசும்போது எங்கள் ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இங்கே மணலியில் வாழ்ந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்ட் வாத்தியக் குழு வாசித்ததைக் கேட்டு, அந்த மேற்கத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், அமைத்தார். ‘நோட்டு சுர சாகித்தியங்கள்’ என்று அழைக்கப்படும் அவை ஏறக்குறைய 40 கிடைக்கின்றன. சங்கராபரண ராகத்தின் சுரங்களில், சுரத்தை அசைத்து இழுக்கும் கமகம் அதிகம் இல்லாமல் நேராக நடப்பவை. இன்று குழந்தைகளுக்கு முதல் பாடமாகவும் சொல்லித்தருகிறார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இங்கேதான் வயலினைக் கற்று, நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த கருவியை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சுருதியை மாற்றிக் கட்டினார்கள். தோளிலிருந்து இறக்கித் தரையில் உட்கார்ந்து, காலில் ஊன்றி வாசிக்கும்படி பிடிமுறை மாறியது. விரல் வழுக்கிக் கமகம் பேசியது. ஒரு கருவியைக் கற்பதும், நம் இசைக்கு ஏற்ப அதை வளைப்பதும் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் நடந்திருக்கிறது.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவும் நம் பக்கத்துச் செய்திதான். வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடை அரங்கில் பாடி நடித்த காலத்து சங்கீத நாடகங்களிலிருந்துதான், ஆர்மோனியத்தோடும் நடிகர்களோடும் சேர்ந்து, தமிழ்ப் பேசும்படத்துக்குப் பாட்டு வந்தது. 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் ஐம்பது பாடல்கள் வரை இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேடைக்கும் திரைக்கும் ஒரே படிப்பு என்பதைக் கேட்டு யாரும் வியக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை கீபோர்ட்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதையும் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். டோலக் மாமா எழுதியதைப் படித்த பிறகு, இசையே இல்லாமல் காட்சியைப் பத்து முறைக்கு மேல் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று காதில் விழுந்தது. அடுப்பு எரியும் வரை மெல்லிய சீறல் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அந்த அம்மாள் இரண்டாவது தம்ளரைப் பார்த்து நிற்கும்போது, கை தானாகப் போய் அடுப்பை அணைக்கிறது. சீறல் நின்றுவிடுகிறது. அந்த நிசப்தத்தை என் ஸ்ட்ரிங்ஸ் இத்தனை நாளும் மூடி வைத்திருந்தது.

இப்போது முதல் 1 நிமிடம் 12 நொடிக்கு இசையே வைக்கவில்லை. டீயைத் திரும்ப ஊற்றிவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்கும் இடத்தில், ஒரே ஒரு வயலின் தாழ்ந்த சுரத்தில் தொடங்குகிறது. விளக்கை அணைப்பது 1 நிமிடம் 39-ஆவது நொடியில். அங்கே மெட்டு வந்து அமர வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் மனத்துக்குப் பிடித்த நடை 72 டெம்போ, அதாவது நிமிடத்துக்கு 72 தட்டு. அதில் வைத்தால் அந்த இடம் சரியாக விழவில்லை. 80-க்கு ஏற்றினால் விழுகிறது, ஆனால் அந்த அம்மாள் அவசரப்படுவது போல இருக்கிறது. என்ன செய்வது? நோட்ஸையும் இங்கே ஏற்றியிருக்கிறேன்.

மிக்ஸிங் மேசை:

ஒலிக்கலவைப் பொறியாளர் என்ற முறையில் கணக்கை மட்டும் சொல்கிறேன். காட்சி நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால், 1440-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்பது கிடைக்கும். 80-க்கு 18 ஃப்ரேம், நான்கு தட்டுள்ள ஒரு பார் சரியாக 3 நொடி. உங்களுக்கு வேண்டிய இடைவெளி 27 நொடி, அதாவது ஒன்பது பார். பத்தாவது பாரின் முதல் தட்டு விளக்கின் மேல் விழுகிறது. 72-க்கு ஒரு தட்டு 20 ஃப்ரேம். எட்டுப் பார் முடிந்து ஒன்பதாவது பாரின் முதல் தட்டு 26 நொடி 16 ஃப்ரேமில் வந்துவிடும். விளக்கு அணைவதற்கு 8 ஃப்ரேம் முன்னதாகவே மெட்டு அமர்ந்துவிடுகிறது. அதனால்தான் அது பிழையாகத் தெரிகிறது. விளக்கை அணைக்கப்போவது இசைக்கு முன்கூட்டியே தெரிந்தது போல ஆகிவிடுகிறது.

ஒரு பாரை இரண்டு தட்டாகக் குறைக்கலாம், நடையைச் சற்றே இழுக்கலாம், இவையெல்லாம் வழக்கமான வழிகள். அவற்றைவிட எளிய வழி, இசையைத் தாமதமாகத் தொடங்குவது. 8 ஃப்ரேம் தள்ளினால் சரியாக விளக்கின் மேல் விழும். ஒரு முழுத் தட்டு, அதாவது 20 ஃப்ரேம் தள்ளினால், விளக்கு அணைந்து அரை நொடி கழித்து இருட்டில் வந்து அமரும். இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு குறிப்புகள். திரைப்பட வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பழைய குறுந்தகட்டு அளவான 44.1 வேண்டாம். ஒவ்வொரு கருவியையும் தனி டிராக்காக வைத்துக்கொள்ளுங்கள். நாளை வசனம் உள்ள காட்சி கையில் வரும்போது, பேச்சின் மெய்யொலிகள் தெளிவாகக் கேட்க வேண்டிய 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் உங்கள் புல்லாங்குழலும் வயலினும் சேர்ந்து நின்றால், நான் முதலில் குறைப்பது உங்கள் இசையைத்தான். அது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல. எழுதும்போதே பேச்சுக்கு இடம் விட்டு எழுதினால் குறைக்க வேண்டிய தேவையே வராது. இயக்குநர் ஏற்கெனவே வேறோர் இசையை மாதிரியாக (ரெஃபரன்ஸ் டிராக்) வைத்துப் பல வாரம் பார்த்துப் பழகியிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுமையோடு பேச வேண்டியிருக்கும். அது வேறு கதை.

ராயபுரம் வயலின்:

மிக்ஸிங் மேசையின் கணக்கு சரி. ஆனால் நீங்கள் இங்கே ஏற்றியிருக்கும் நோட்ஸில் ஒரு சிக்கல். முதல் சுரமாக மத்திய சி-க்குக் கீழே இருக்கும் எஃப் எழுதியிருக்கிறீர்கள். வயலினில் அந்தச் சுரம் இல்லை அம்மா. வழக்கமான கட்டில் அதன் கடைசித் தந்தி ஜி. அதற்குக் கீழே இறங்காது. கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் ஒலியை வைத்து எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒலி வந்துவிடுவதால் இது தெரியாமல் போகிறது. இதற்குத்தான் கருவிகளின் எல்லையைப் படிக்கச் சொல்கிறார்கள்.

மெட்டை மேலே ஏற்றிவிடாதீர்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்குக் கொடுங்கள். அதன் கடைசித் தந்தி சி என்பதால் உங்கள் எஃப் அங்கே வசதியாக உட்காரும்; கொஞ்சம் தொண்டை அடைத்த குரல் போலவும் இருக்கும். அந்த அம்மாளுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. வயோலாவுக்கு நோட்ஸ் எழுதும் ஆல்டோ கிளெஃபில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர்க்காரன்:

இந்த மாதிரி ஒரு திருத்தம் என் ஓராண்டுப் படிப்பில் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்கைக்கு இன்னொரு யோசனை. தரமணியில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் இருக்கின்றன. இசையமைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படிப்பவர்களின் குறும்படங்களுக்கு இசை தேவைப்படும். போய்ப் பாருங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வேலை நிற்க வேண்டியதில்லை. ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் நம் நகரத்திலேயே இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. பாரிமுனைக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் இயங்கும் தமிழ் இசைக் கல்லூரி, கொருக்குப்பேட்டையிலிருந்து எட்டும் தூரம்தான். இசையமைப்பு அங்கே பாடம் அல்ல, ஆனால் பண்ணும் தாளமும் கற்காமல் நம் மேடைக்கு எழுதுவது எப்படி?

மிக்ஸிங் மேசை:

உரிமை பற்றி மேலே ஒரு கேள்வி வந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் இசைக்கும் பாடல் வரிக்கும், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில், படைத்தவருக்குச் சமமான ராயல்டிப் பங்கு உண்டு. அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட முடியாது. தயாரிப்பாளரிடம் பதிப்புரிமையைக் கொடுத்துவிட்டாலும் இது நிற்கும். முதல் குறும்படத்துக்கே ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வேலை தொடங்கியதும், படைப்பாளிகளுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினர் ஆவதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரங்கொலி:

படத்தில் விளக்கு எப்போதும் 1 நிமிடம் 39-ஆவது நொடியில்தான் அணையும். மேடையில் அப்படி இல்லை. இதே காட்சியை நாடகமாக நடித்தால், அந்த நடிகை ஒரு நாள் ஐந்து நொடி நிற்பார், இன்னொரு நாள் பதினைந்து நொடி நிற்பார். அரங்கத்தில் யாராவது விசும்பினால் இன்னும் நீளும். அப்போது 20 ஃப்ரேம் கணக்கு உதவாது. எத்தனை முறை சுழன்றாலும் அலுக்காத, எந்த இடத்தில் விட்டாலும் உடையாத இரண்டு பார்களை எழுதி வைத்துக்கொண்டு, நடிகையின் கையைப் பார்த்து அதிலிருந்து வெளியேற வேண்டும்.

தெருக்கூத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும்போது, பின்பாட்டுக்காரர்களும், சிறிய நாயனமான முகவீணையை வாசிப்பவரும் அவர் மூச்சு முடியும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். மத்தளக்காரரின் கண் அவருடைய கால்மேலேயே இருக்கும். அடவு மாறினால் நடை மாறும். படிப்பில் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும், அதைக் கணினியில் நிகழ்த்துவதற்கு ஒரு மென்பொருளும் தந்தார்கள். இரண்டும் உபயோகமானவைதாம். ஆனால் அந்தப் பாடம் நடந்த அன்று, பொன்னேரிப் பக்கம் என் பாட்டி ஊர்த் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்த இரவுகள் இல்லாமல் இருந்திருந்தால், அது எனக்குப் புரிந்திருக்காது.

அப்பாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் அடங்கக் கற்றதை, அறிமுகமே இல்லாத நாற்பது பேர் ஒரே நேரத்தில் அடங்கும்படி காகிதத்தில் எழுத முடியுமா? இப்போது முடியாது. அதற்காகத்தான் போகிறீர்கள்.

வியாசை டோலக்:

அரங்கொலி தம்பி சொன்னது எனக்கு நியாயமாகப்படுகிறது. நாற்பது பேரை அடக்கக் கற்றுக்கொண்டு வந்தால், ஒரு நாள் எங்கள் கச்சேரிக்கும் அப்படி ஒன்று எழுதட்டும். நாங்கள் வாசிக்கத் தயார். யாராவது படித்துக் காட்டினால் போதும்.

கொருக்குப்பேட்டை கீபோர்ட்:

இரண்டையும் வைத்துப் பார்த்தேன். 8 ஃப்ரேம் தள்ளியதில் இசை விளக்கின் ஸ்விட்சை அழுத்துவது போல இருந்தது. 20 ஃப்ரேம் தள்ளியதில், இருட்டான பிறகு அந்த எஃப் வந்து நிற்கிறது. அந்த அம்மாள் போன பிறகும் சமையலறையில் யாரோ இருப்பது போல இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டேன். புல்லாங்குழல் முழுவதும் போய்விட்டது.

அப்பா இரவு பன்னிரண்டு மணிக்கு வண்டியை விட்டுவிட்டு வந்தார். சாப்பிடும்போது பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் காட்டினேன். புதியது முடிந்ததும், “முன்னாடி இந்த அடுப்புச் சத்தம் இல்லையே, இப்போ சேர்த்தியா?” என்று கேட்டார். அது எப்போதும் இருந்ததுதான் என்று சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பழையதை இன்னொரு முறை போடச் சொல்லி, அடுப்புச் சத்தத்தைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

ராயபுரம் ஐயா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியின் வயோலாவில் அந்த முதல் சுரம் தொடங்கும் இடம் மிகவும் கூர்மையாக இருக்கிறது. வயோலா வாசிக்கும் யாராவது அந்த ஒன்பது பார்களை ஒருமுறை வாசித்துத் தருவார்களா?

ராயபுரம் வயலின்:

என் பழைய வயோலா வீட்டில்தான் இருக்கிறது. புதிய தந்தி போட வேண்டும், சனிக்கிழமைக்குள் போட்டுவிடுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய முற்றத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். நோட்ஸைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, வில் குறிகளை நீங்களே யோசித்துப் பென்சிலால் எழுதி எடுத்து வாருங்கள். பேனாவால் எழுத வேண்டாம், எப்படியும் அழிப்போம்.